கிளீனர் சீட்டில் ஏறி வந்தவர்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் ஐயா ஜெயப்பிரகாஷ் அவர்களே, பெரம்பலூரிலிருந்து வந்திருக்கும் மருத்துவர் கவிதா அம்மையார் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பொன்னம்மாள் அண்ணி அவர்களே, சிமெண்ட் ஆலை வரிசையில் இடம் போனால் போகட்டும் என்று வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்திருக்கும் ஓட்டுநர் தோழர்களே, உடன் வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் சிங்காரவேலு, இந்த லாரி ஓட்டுநர் சங்கத்தின் துணைத் தலைவர். எழுதிக்கொண்டு வந்த தாளில் முதல் வரியே "ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்று இருக்கிறது. நம்மை விட்டுப் போன நம் செயலாளர் அண்ணன் ராசாங்கம் இதைக் கேட்டிருந்தால், "எந்தக் கடையில ஜெராக்ஸ் எடுத்த?" என்று கேட்டிருப்பார். அதனால் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். அவரைப் பற்றிச் சிரிக்காமல் பேச என்னால் முடியாது. நீங்களும் சிரிக்கலாம். அண்ணியே அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

ஏழு ஆண்டுகளுக்கு முன்னால் நம்மில் ஒரு தோழர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். முந்தின நாள் நம்மோடு வரிசையில் நின்று டீ குடித்தவர். ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு இதே மண்டபத்தில் அண்ணன் எழுந்து கேட்டார்: "சுண்ணாம்புக்கல்ல ஏத்திக்கிட்டு ஆலை வாசல்ல தெனம் நாலு மணி நேரம் ஒண்ணா நிக்கிறோம். என்னத்தடா பேசுறோம்? டயரப் பத்திப் பேசுறோம், டீசலப் பத்திப் பேசுறோம். அவன் மனசுல என்ன இருந்துச்சுன்னு எவனுக்காச்சும் தெரியுமா?" யாருக்குத் தெரியும்? ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த மாதமே ஏற்பாடு செய்தார். லாரிகள் நிற்கும் யார்டில் பந்தல், நாற்காலி, மருத்துவர் அம்மையார், ஐம்பது பேருக்கு வடை. வாசலில் பெரிய பேனர்: "ஓட்டுநர்களுக்கு மனநலப் பரிசோதனை முகாம்". அங்கேதான் அண்ணன் தப்புக் கணக்குப் போட்டார். பரிசோதனை என்ற சொல்லைப் பார்த்தவுடன் நம் அரியமுத்து, இதோ மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாரே அவர்தான், வண்டி வண்டியாகப் போய்ச் சொன்னார்: "மண்டை சரியில்லன்னு எழுதிட்டா லைசென்ஸ் போச்சு மாமா, ஓடிருங்க."

நாற்பத்திரண்டு லாரிகள். பத்தே நிமிடம். யார்டு துடைத்துப் போட்டதுபோல் ஆகிவிட்டது. வரிசையில் ஓர் இடத்துக்காக மைத்துனனோடு சண்டை போடுகிறவர்கள் நாம். அந்த இடத்தை விட்டுவிட்டு லோடோடு ஓடினோம். ஸ்டிரைக்கா என்று ஆலையிலிருந்து போன் வந்தது. முதலில் ஓடிய வண்டி யாருடையது? என்னுடையதுதான். அண்ணனும் மருத்துவர் அம்மையாரும் வடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம்.

மறுநாள் அரியமுத்துவைத் திட்டுவதற்காக அவர் வண்டியில் ஏறினார் அண்ணன். இப்போதெல்லாம் கிளீனர் யார் வைத்துக்கொள்கிறார்கள்? அந்த சீட் காலியாகத்தான் கிடக்கிறது. அதில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே வந்திருக்கிறார். வரிசை ஊர்ந்து போகிறது. இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்திருக்கிறார்கள். திடீரென்று அரியமுத்து, ரோட்டைப் பார்த்தபடியே, "ரெண்டு மாசமா தூக்கமே இல்லண்ணே" என்றாராம். அதற்குப் பிறகு வேபிரிட்ஜ் எடைமேடை வரும்வரை அவர் வாய் மூடவில்லை. இதைச் சொல்ல அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். "மைக்கு போட்டே சொல்லு" என்றார்.

அன்றைக்குத்தான் அண்ணன் கண்டுபிடித்தார். "நேருக்கு நேர் உக்கார வச்சுக் கேட்டா ஆம்பள ஒருத்தனும் சொல்ல மாட்டான். ரெண்டு பேரும் ரோட்டப் பாத்துக்கிட்டு உக்காந்தா தானா வரும்." பேனரைக் கழற்றினார். பந்தலைப் பிரித்தார். சர்க்கரையால் கண் மங்கி ஸ்டியரிங்கை விட்டிருந்த அந்த மனிதர், காலையில் யார்டுக்கு வந்து ஏதாவது ஒரு வண்டியின் இடப்பக்கக் கதவைத் தட்டுவார். "வேபிரிட்ஜ் வரைக்கும் வரேன்" என்பார்.

ஏறியதும் யாரையும் எதுவும் கேட்கமாட்டார். முதலில் தன் கதையைத்தான் சொல்லுவார். "எம் மவ வெற்றிச்செல்விக்குக் கல்யாணம் முடிஞ்ச மறுநாள்லேர்ந்து மூணு மாசம் எனக்குச் சோறு எறங்கல. பாத்ரூம்ல தண்ணியத் தெறந்து வுட்டுட்டு அழுவேன். பொன்னம்மாதான் கதவத் தட்டி டாக்டருட்ட கூட்டிட்டுப் போனா." ஆறடி உயர மனிதர், மீசை வைத்த மனிதர், சங்கச் செயலாளர் இதைச் சொன்னால், பக்கத்தில் இருப்பவன் எத்தனை நேரம்தான் வாயை இறுக்கிக்கொண்டிருப்பான்?

எடை போடும்போது வண்டியில் வேறு ஆள் இருக்கக் கூடாது என்பது ஆலை விதி. ஆகவே எடைமேடை வந்தால் அண்ணன் இறங்கித்தான் ஆக வேண்டும். சிலருக்குக் கதை பாதியில் நிற்கும். அவர்கள் என்ன செய்தார்கள்? பின்னால் வரும் வண்டிகளை முன்னால் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்கள். வரிசையில் இடத்தை விட்டுக்கொடுத்தார்கள், தோழர்களே! கிளீனர் சீட்டில் ராசாங்கம் அண்ணன் தலை தெரிந்தால் அந்த வண்டிக்கு ஹாரன் அடிக்கக் கூடாது என்று ஒரு வழக்கம் உண்டானது. எப்போதும் முட்டிக்கொள்ளும் ஆண்டிமடம் வண்டியும் உடையார்பாளையம் வண்டியும் ஒன்றையொன்று மதிக்கிற ஒரே இடம் அதுதான்.

அதையும் நான் கிண்டல் செய்தேன். "அண்ணன் இந்த வயசுல கிளீனர் வேலைக்குச் சேந்துட்டாரு" என்று யார்டு முழுக்கச் சொன்னவன் நான். மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் ஓர் ஆடி மாதம் என் வண்டிக் கதவையும் தட்டினார்.

தலைவர் ஐயா எனக்குத் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். நேரம் முடிந்துவிட்டதாம். ஐயா, தயவுசெய்து ஹாரன் அடிக்காதீர்கள். என் கதை பாதியில் இருக்கிறது.

எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. பிள்ளைகள் நன்றாக இருந்தார்கள், உடம்பு நன்றாக இருந்தது. ஆனால் காலையில் எழுந்து செருப்பு மாட்டுவதே மலையாக இருந்தது. நான் இல்லாவிட்டால் யாருக்கு என்ன என்ற எண்ணம் வரத் தொடங்கியிருந்தது. காரணம் ஒன்றும் இல்லையே என்பதுதான் எனக்கு வெட்கம். அன்றைக்கு ரோட்டைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னேன். அண்ணன் சிரிக்கவில்லை. நான் அவரைச் செய்த கிண்டலை ஞாபகப்படுத்தவும் இல்லை. "காய்ச்சல் வந்தா காரணம் கேட்டுக்கிட்டா இருக்க? புதன்கிழமை பெரம்பலூர் போறோம்" என்றார். பதினோரு வண்டிகள் எங்களைத் தாண்டிப் போயின. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.

போனோம். மருத்துவர் அம்மையார் மாத்திரை கொடுத்தார், பேச வைத்தார். எட்டு மாதம், மாதம் இரண்டு புதன்கிழமை. தேறினேன். இதோ உங்கள் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறேனே, அது அண்ணன் போட்ட பிச்சை.

வீட்டில் என்ன சொன்னேன்? பெரம்பலூர் பக்கத்தில் இருக்கும் சிறுவாச்சூர் காளியம்மன் கோயிலுக்குப் போகிறேன் என்றேன். திரும்பும்போது கடையில் குங்குமம் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். என் மனைவி லீலாவதி கண்ணில் ஒற்றிக்கொண்டு இட்டுக்கொண்டார். நம்பிவிட்டார் என்று நினைத்தேன், அண்ணனிடமும் அதைப் பெருமையாகச் சொன்னேன்.

அண்ணன் மறைவதற்குப் பத்து நாள் முன்னால் அவரை ஆசுபத்திரியில் பார்த்தேன். கட்டிலில் அவர் பக்கத்தில், இருவரும் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தோம். "பயமா இருக்குடா சிங்காரம்" என்றார். நம் எல்லோருடைய பயத்தையும் கேட்ட மனிதர் தன் பயத்தை ஒளிக்காமல் சொன்னார். சொல்லிவிட்டுச் சாத்துக்குடி கேட்டார். தின்றுகொண்டே திடீரென்று என்னைப் பார்த்தார். "ஆமா, சிறுவாச்சூர்ல திங்களும் வெள்ளியும்தான நடை தெறப்பாங்க? நீ புதன்கிழமை எந்தச் சாமியடா கும்புட்ட?" சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னார். கதவருகே போனவனைக் கூப்பிட்டு, "லீலாவுக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்டா. போய்ச் சொல்லிடு" என்றார்.

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பத்து நாளில் ஒரு நாளும் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அண்ணன் போய்விட்டார்.

தோழர்களே, வருகிற திங்கள்கிழமை முதல், லோடு இறக்கியவர் தன் வண்டியை யார்டில் போட்டுவிட்டு, வரிசையில் நிற்கும் ஒரு வண்டியின் கிளீனர் சீட்டில் ஏறுவது என்று அரியமுத்துவும் இன்னும் பதினான்கு பேரும் நானும் முடிவு செய்திருக்கிறோம். பேனர் கிடையாது. பந்தல் கிடையாது. மருத்துவர் அம்மையாரின் போன் எண் ஒவ்வொரு வண்டியிலும் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டப்படும். அண்ணன் ராசாங்கம் உட்கார்ந்த சீட் இந்த யார்டில் காலியாகக் கிடக்காது. இது அவருக்கு நாம் கொடுக்கும் உறுதி.

கடைசியாக என் சொந்த பாக்கி ஒன்று இருக்கிறது. நான்காவது வரிசையில், ஊதாப் புடவையில் உட்கார்ந்திருக்கும் லீலாவதி அவர்களே! மூன்று வருடத்துக்கு முன்னால் நான் கோயிலுக்குப் போகவில்லை. மனநல மருத்துவரிடம் போனேன். அன்றைக்குக் கோயில் நடை சாத்தியிருக்கும் என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்காமல், பதினாறு புதன்கிழமையும் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாய், கடைக் குங்குமத்தையும் இட்டுக்கொண்டாய்.

நாளைக்குக் காலையில் நான் வண்டி எடுக்கும்போது நீ கிளீனர் சீட்டில் ஏறிக்கொள், லீலா. உன் பக்கம் சொல்வதற்கும் நிறைய இருக்கும். இந்த முறை நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு கேட்கிறேன்.