பெட்டிக்குள்ள ஒட்டின கடுதாசி

கையை எடுங்க ஐயா. தாள் கிழியாம இருக்க இன்னிக்குத்தான் பின்னால வேற தாள் ஒட்டினேன், இன்னும் ஈரமா இருக்கு, தொட்டா உங்க விரலோட வந்துரும். தர முடியாதுன்னு எத்தன தடவ சொல்றது? உங்க வீட்டுப் பொருள்தான், யாரு இல்லேன்னு சொன்னா. ஆனா போன வருஷம் இந்த நூலகத்துக்குக் குடுக்கறேன்னு எழுதி, வம்சத்து முத்திரையும் குத்தி, பதினாலு பெட்டிய வண்டியில ஏத்தி அனுப்புனது நீங்கதானே? புத்தகத்தத்தான் குடுத்தேன், பெட்டியக் குடுக்கலன்னு இப்ப வந்து சொன்னா எப்படி?

உக்காருங்க. பார்லித் தண்ணி ஆறிப்போச்சு, வேற ஊத்தித் தரேன். வேணாமா? சரி.

என்மேல கோவிச்சு என்ன பண்ண, கேட்டதே நீங்கதானே. வர்ற வசந்தத்துல எங்க ஊரு சிவப்பு வாசலுக்குப் புது வர்ணம் அடிச்சு விழா எடுக்கறோம், ராஜா காலத்துல பத்தினின்னு பட்டம் வாங்கின எங்க குலத்து மருமக கைப்பட எழுதினது ஏதாச்சும் இருந்தா கண்ணாடிக்குள்ள வச்சுக் காட்டலாம், தேடுங்கன்னு ஆளு அனுப்பிச்சீங்க. தேடினேன்.

பதினாலு பெட்டியிலயும் ஆம்பளைங்க எழுதினதுதான். பூரா சீன எழுத்து. கவிதை, ராஜாவுக்கு விண்ணப்பம், ஒருத்தருக்கொருத்தர் நலம் விசாரிச்ச கடுதாசி. தன்னோட மூலவியாதியப் பத்தி ஒரு பெரிய மனுஷன் நாலு பக்கம் எழுதியிருக்காரு, அதக்கூட பட்டுத்துணியில சுத்தி வச்சிருக்கீங்க. பொம்பளைங்க நம்ம சொந்த எழுத்துல, அந்தப் பழைய கூட்டெழுத்துல, எழுதினது ஒண்ணுகூட இல்ல. எங்க போயிருக்கும்னு எனக்குத் தெரியாதா? உங்கள மாதிரி வீடுங்கள்ல அத எரிக்கமாட்டாங்க, நல்ல தாளாச்சே. கதவுல ஒட்டுவாங்க, சுவத்துல ஒட்டுவாங்க, பெட்டிக்கு உள்பக்கம் அஞ்சாறு அடுக்கு ஒட்டுவாங்க, பூச்சி அரிக்காம இருக்கட்டும்னு. அதுல என்ன எழுதியிருக்குன்னு ஒருத்தனும் பாக்கறதில்ல. பாத்தாலும் படிக்கத் தெரியாது. பொம்பளைங்க கிறுக்கினது எழுத்தாங்கற நெனப்பு. எரிச்சுத் தொலைச்சிருந்தா நீங்க இன்னிக்கு நிம்மதியா இருந்திருக்கலாம்.

ஏழாவது பெட்டி. ஆவி காட்டிக் காட்டி, மூங்கில் தகட்டால உரிச்சு எடுத்தேன். மூணு நாள் வேலை. நாலாவது அடுக்குல இது இருந்துச்சு.

உங்களுக்குத் தெரிஞ்ச கதை என்ன? புருஷன் செத்தான். பத்தொம்போது வயசுப் பொண்டாட்டி கதவச் சாத்திக்கிட்டு, சோறு தண்ணி தொடாம, பதினேழாம் நாள் அவன் பின்னாலயே போய்ச் சேந்தா. ராஜா உருகிப்போயி அவ நெனவா அந்தச் சிவப்பு வாசலக் கட்டச் சொன்னாரு, உங்க ஆளுங்களுக்குப் பதவி குடுத்தாரு. அந்த வாசல் பலகையில அவ பேரு உண்டா? பே குலத்துல பொறந்த பொண்ணு, அவ்வளவுதான். அவ பேரு தல்லே. கடுதாசியில போட்டிருக்கா பாருங்க.

படிக்கறேன், கேளுங்க. அம்மா, தல்லே எழுதறேன். இன்னிக்கு ஒம்போதாவது நாள். கதவ வெளிப்பக்கமாப் பூட்டியிருக்காங்க. நான் சோறு வேணாம்னு சொல்லலம்மா, அவங்கதான் குடுக்கல. அடுப்படியில சோறு வேகற வாசம் இங்க வருது. பசிக்குது. அண்ணன அனுப்பு. பட்டப்பகல்ல வரட்டும், எல்லாரும் பாக்க என்னைக் கூட்டிட்டுப் போகட்டும்.

அவ்வளவுதான். எந்த வேலைக்காரிகிட்ட குடுத்து விட்டாளோ, கடுதாசி உங்க வீட்டு வாசலையே தாண்டல. எவனோ பிடுங்கியிருக்கான். பிடுங்கி, மடிப்ப நீவி, பசையத் தடவிப் பெட்டியில ஒட்டிட்டான். நல்ல சிக்கனமான வீடுய்யா உங்களுது.

பொய்யின்னு சொல்லிப் பாருங்களேன். தாளையும் மையையும் ரெண்டு எடத்துல சோதிச்சாச்சு.

அந்தக் காலம் அப்படியா? சரிதான். அப்ப எதுக்கு இந்தக் காலத்துல அதுக்கு வர்ணம் அடிக்கறீங்க?

விழா முடியற வரைக்கும் வெளிய விடாம வைக்கணுமா? அது கைமீறிப் போச்சே. செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை மேல்மாடியில பழைய எழுத்து படிக்கச் சொல்லித் தரேன். வர்றது எல்லாம் பொம்பளைங்க, அதுல உங்க குலத்து மருமகளுங்க மட்டும் இருபத்திமூணு பேரு. போன வாரம் இதத்தான் பாடமா வச்சேன். நான் வாயே தொறக்கல, ஆளுக்கு ஒரு வரி அவங்களையே படிக்கச் சொன்னேன். பசிக்குதுங்கற வரி உங்க வீட்டம்மாவுக்கு வந்துச்சு. படிச்சாங்க. கண்ணாடியக் கழட்டித் தொடச்சிட்டு, இன்னொரு தடவையும் படிச்சாங்க.

விழாப் படையலுக்கு ஒருத்தியும் அடுப்பு பத்தவைக்க மாட்டேன்னுட்டாங்களாமே? இருபத்திமூணு பேருமா? அதான் ஐயா இன்னிக்கு நேர்ல வந்திருக்கீங்க. இல்லேன்னா எங்கள மாதிரி தாள் உரிக்கறவங்க மூஞ்சியில முழிப்பீங்களா?

எனக்கு இந்த எழுத்து யாரு சொல்லிக் குடுத்தாங்களா? உங்கம்மாதான். நெசமாத்தான் சொல்றேன். பத்தினி கதைய இதே பழைய எழுத்துல ஒரு சுருள்ல எழுதி வச்சிருந்தாங்க, தினம் விடிஞ்சதும் சின்ன மருமகள உக்கார வச்சு வாய்விட்டுப் படிக்கச் சொல்லுவாங்க. ஒரு வரி தடுமாறினாலும் மொதல்லேர்ந்து படிக்கணும். ரெண்டு வருஷம் படிச்சேன். நல்லாவே கத்துக் குடுத்தாங்க, கொறை சொல்லக்கூடாது.

என்ன அப்படிப் பாக்கறீங்க? உங்க வீட்டம்மா மொத நாளே கண்டுபிடிச்சிட்டாங்க. நீங்க ஒரு மணி நேரமா எதிர்ல உக்காந்திருந்தும் தெரியல. தப்பில்ல, வீட்டுல இருந்தப்பவே நீங்க என் மூஞ்சியப் பாத்ததில்லையே.

உங்க தம்பி தொக்ஜின் செத்து முப்பத்தாறு வருஷம் ஆச்சு. அடக்கம் பண்ணின மறுநாள் அடுப்படியில நின்னுக்கிட்டு ஒரு கிண்ணம் சோத்துல சூப்ப ஊத்தித் தின்னேன். நாலு நாளாச்சு சாப்புட்டு. நீங்க வந்து கிண்ணத்தப் பிடுங்கினீங்க. கையப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டுப் போயி அந்தச் சிவப்பு வாசல் முன்னாடி நிறுத்தினீங்க. ஊரே நின்னு பாத்துச்சு. புருஷன் போனப்புறம் அவளுக்குப் பசிக்கல, உனக்கு மட்டும் பசிக்குதான்னு கேட்டீங்க. அன்னிக்கே என்னை வெளிய அனுப்பி, வம்சப் புத்தகத்துல என் பேரையும் கோடு போட்டு அடிச்சுட்டீங்க.

நீங்க கேட்டதுக்கு அன்னிக்கு எனக்குப் பதில் தெரியல. இப்பத் தெரியும்.

அவளுக்கும் பசிச்சுது, மச்சாண்டாரே.