பதினாறு கழிந்தால் பாடலாம்

எங்கள் வீட்டில் டிவி வாங்கியதே செய்தி கேட்பதற்குத்தான், சார். என் கணவர் குமரகுருபரன் கணக்கு வாத்தியார். செய்தி முடிந்ததும் டிவிக்கு உறை மாட்டிவிட வேண்டும் என்பது அவர் சட்டம். பூத்தையல் போட்டு நானே தைத்த உறை. அதை ஒருநாள் கழற்றி, மடித்து, அலமாரியில் வைத்துவிட்டு, "இது என்ன அம்மனா, திரை போட்டு வைக்க?" என்று கேட்டவர் என் மாமனார் குற்றாலலிங்கம் பிள்ளை. அவரைப் பற்றி என் வாயிலிருந்து ஒரு குறைச்சொல் வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்றெட்டில் வண்ணார்பேட்டை நூகு எங்கள் தெருவுக்குக் கேபிள் இழுத்தான். மெட்ராஸ் சேனல் ஒன்றில் 'இல்லத்துக் குயில்' என்று குடும்பத் தலைவிகளுக்கு மட்டும் பாட்டுப் போட்டி அறிவித்தார்கள். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. அடுப்படியில் பாடுவேன். மாமா கூடத்தில் உட்கார்ந்து நாற்காலிக் கையில் தாளம் போடுவார். தப்பினால், "ஏளா, அந்த எடத்துல இன்னொரு மட்டம் பாடு" என்று குரல் வரும். எங்கள் இருவருக்கும் இதைவிடப் பெரிய பொழுதுபோக்கு கிடையாது.

போட்டிக்குப் போகிறேன் என்றதும் என் கணவர் முகம் சுண்டிப்போயிற்று.

"தெருவே பாக்கும்பா. நம்ம வீட்டுப் பொம்பள டிவியில பாடுதாளாம்னு நாலு பேரு நாலு விதமாப் பேசுவான்."

"பேசட்டும்லே," என்றார் மாமா. "அவ வாசலத் தாண்டினா யாரு தலை போயிரும்? போனா என் தலை போவட்டும். நீ போயி பரீட்சைப் பேப்பரைத் திருத்து."

இது அவரே தம் வாயால் சொன்னது, சார். பிற்பாடு எத்தனையோ தடவை எனக்கு ஆறுதல் தந்த வார்த்தை.

ஒவ்வொரு சுற்றுக்கும் மாமாதான் துணைக்கு வந்தார். பிளாஸ்கில் சுக்குவெந்நீர், தோளில் துண்டு. ஸ்டுடியோவில் குளிர் அதிகம் என்று ஏசியை அணைக்கச் சொல்லி அங்கே ஒரு சண்டை போட்டார். மேக்கப் போடும் பையனிடம், "எம் மருமகளுக்கு இருக்கற நெறம் போதும், மாவை அப்பாத" என்றார். நான் சிரித்த சிரிப்பில் கண் மை கரைந்து, மறுபடி போட வேண்டியதாயிற்று.

கார்த்திகையில் அரையிறுதி ஒளிபரப்பானது. மறுநாள் நூகு சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடி வந்தான். "அக்கா, வண்ணார்பேட்டையே கடைய அடச்சிட்டுல்லா உங்க பாட்டைக் கேட்டுச்சு!" கொஞ்சம் கூட்டித்தான் சொன்னான். ஆனால் பேருந்தில் எனக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். கீரைக்காரி என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து நான் வாத்தியார் வீட்டம்மாதான். எனக்கு ராஜராஜேஸ்வரி என்று முழுநீளத்துக்கு ஒரு பேர் இருப்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக இதுவரை நான் எதையும் அனுபவித்ததில்லை. மாமாவும் நானும் திருச்செந்தூருக்குப் போய் முருகனுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.

மார்கழி பிறந்ததும் மாமாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சும் குழறியது. எழுந்து உட்கார முடியவில்லை. எல்லாம் நான்தான் பார்த்தேன். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. தெருவில் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

அந்தச் சமயத்தில்தான் மெட்ராஸிலிருந்து போன் வந்தது. இறுதிச்சுற்றுப் பதிவு தை மாத நடுவில். போனை வைத்துவிட்டு அடுப்படியில் ஒரு சுற்றுச் சுற்றினேன். திரும்பினால் என் கணவர் நிற்கிறார்.

"சந்தோசம்தான். ஆனா அப்பாவுக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா துட்டி வீடு. பதினாறு கழியுத வரைக்கும் நீ வாசப்படி தாண்டக் கூடாது. இப்பமே சொல்லிட்டேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. சாவு விழுந்த வீட்டுக்குத் துட்டி என்றால் துட்டிதான். மூத்த மருமகள் பதினாறு நாளும் வீட்டில் இருந்தாக வேண்டும். சேனலுக்குப் போன் போட்டுப் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன். வர முடியாதவர் இடத்துக்கு அடுத்தவரை அழைத்துக்கொள்வார்களாம். அடுத்தவர் கோயம்புத்தூர் அம்மாள். நல்ல மனுஷிதான். சுருதி மட்டும் பக்கத்து வீட்டில் நிற்கும்.

ஞானையா டாக்டரிடம் கேட்டேன். "இன்னைக்கும் போவலாம்மா, ஒரு மாசம் தள்ளியும் போவலாம். அது ஆண்டவர் கையில இருக்கு" என்றார். டிவிக்காரர்கள் தேதி சொல்கிறார்கள், ரயில்வேக்காரர்கள் தேதி சொல்கிறார்கள், இத்தனை படித்த டாக்டருக்கு ஒரு தேதி சொல்லத் தெரியவில்லை. நான் கோபப்படவில்லை. யோசித்தேன்.

மாமா எப்படியும் போகப்போகிறவர். மார்கழி முடிவதற்குள் போனால், பதினாறு கழிந்து, வீடு கழுவி, நான் நிம்மதியாக ரயில் ஏறலாம். தையில் போனால், அவர் எனக்காகப் பட்ட பாடெல்லாம் கோயம்புத்தூருக்குப் போய்விடும். அவருக்கே அது பிடிக்காது. பீஷ்மர் உத்தராயணத்துக்காகக் காத்துக் கிடந்தார் என்பார்கள். பீஷ்மருக்கு யாரும் ரெக்கார்டிங் தேதி கொடுக்கவில்லை.

கோயில் ஓதுவாரிடமும் கேட்டு வைத்தேன். "பதினாறு கழிஞ்சா வீடு சுத்தம். அதுக்கப்பறம் சாமி பாட்டுக்கு என்னம்மா தடை?" என்றார். மனசு லேசாகிவிட்டது.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் கனிக்கு வடக்கே கரிசல் பக்கம் ஊர். இழுத்துக்கொண்டு கிடக்கும் பெரியவர்களை அங்கே சில வீடுகளில் எப்படி வழியனுப்புவார்கள் என்று அவள் ஒருமுறை கதையாகச் சொல்லியிருக்கிறாள். எண்ணெய், தண்ணீர், இளநீர். விஷமில்லை, கத்தியில்லை. எல்லாம் குளிர்ச்சியான பொருட்கள். மரியாதையான முறையாகத்தான் எனக்குப் பட்டது.

மார்கழிக் காலை. என் கணவர் கோயிலுக்குப் போயிருந்தார். தலை நிறைய நல்லெண்ணெய் வைத்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு பைய நடக்க வைத்து, மாமாவைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனேன். வெந்நீர் போடவில்லை. படுக்கையிலேயே கிடந்தவருக்குத் தலையில் தண்ணீர் விழுந்தது எவ்வளவு ஆனந்தம் என்கிறீர்கள்! "இன்னும் ரெண்டு வாளி ஊத்துளா, சொகமா இருக்கு" என்றார். ஊற்றினேன். ஊற்றிக்கொண்டே இறுதிச்சுற்றுப் பாட்டை முழுதாகப் பாடிக் காட்டினேன். பல் தந்தியடிக்கிற குளிரிலும் கண்ணை மூடிக் கேட்டார். சரணத்தில் ஒரு இடத்தில் இழுப்பைக் குறைக்கச் சொன்னார். குறைத்துப் பாடினேன். "அதான்" என்றார். பிறகு இளநீர். போதும் போதும் என்றார். நான்தான் கெஞ்சிக் கெஞ்சிக் குடிக்க வைத்தேன்.

சாயங்காலமே காய்ச்சல் வந்தது. மார்பில் சளி கட்டியது. டாக்டருக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன் என்று என் கணவரிடம் சொன்னேன். சொல்லி அனுப்பவில்லை. மூன்றாம் நாள் விடியும்போது மாமா போய்விட்டார்.

அழுதேன், சார். அது நடிப்பில்லை. எனக்கென்று தாளம் போட இந்த வீட்டில் இருந்த ஒரே மனிதர். இன்றைக்கும் அடுப்படியில் பாடும்போது அந்த இடத்தில் நிறுத்திக் கூடத்தைப் பார்ப்பேன்.

தென்காசியிலிருந்து என் ஓரகத்தி பிரம்மநாயகி வந்திறங்கினாள். மாமா தலையை மடியில் வைத்து அழுதவள் சட்டென்று நிறுத்தி, "என்னக்கா, இழுத்துக்கிட்டுக் கெடந்தவருக்கு இந்த மார்கழிக் குளிர்லயா எண்ணெய் வச்சிய?" என்றாள். உங்களிடம் மனு கொடுத்ததும் அவள்தானே? அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. மூக்கு எப்போதும் கெட்டிக்கார மூக்குதான்.

பதினாறு கழிந்தது. வீடு கழுவினோம். ரயிலில் தூங்கினேன், நன்றாகவே தூங்கினேன். இறுதிச்சுற்றில் அந்தச் சரணத்தில் இழுப்பைக் குறைத்துப் பாடினேன். நடுவர்கள் மூவரும் அந்த ஒரு இடத்தைத்தான் எடுத்துச் சொல்லிப் பாராட்டினார்கள். மாமா காது அப்படிப்பட்ட காது. எனக்கு இரண்டாம் பரிசு. ஒரு மிக்ஸி. அதோ, ஜன்னலோரம் இருக்கிறது பாருங்கள். தேங்காய்ச் சட்னி வெண்ணெயாக வருகிறது.

நான்தான் செய்தேன். கனிக்குத் தெரியாது, என் கணவருக்கும் தெரியாது. எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போடுகிறேன்.

டாக்டரை விசாரித்தால் இன்னொன்றும் சொல்வார். நானே முந்திக்கொள்கிறேன். கிணற்றடிக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் வந்திருந்தார். மாமாவைக் கையைத் தூக்கச் சொல்லி, காலை நீட்டச் சொல்லிப் பார்த்தார். வாசல் வரை வந்து என்னிடம், "கண்டத்தைத் தாண்டிட்டாரும்மா. இனிமே ஒரு பயமும் இல்ல. நீங்க பாத்த பார்வைதான் அவரைக் காப்பாத்திட்டு. தைரியமா மெட்ராஸுக்குப் போயிட்டு வாங்க" என்றார். நான் காப்பி கொடுத்து அனுப்பினேன். அன்றிரவு படுக்கையில் இதை நன்றாக யோசித்துப் பார்த்தேன். சாகிற தேதியைச் சொல்லத் தெரியாத டாக்டர், பிழைத்துவிட்டார் என்று சொன்னால் மட்டும் அதை எப்படி சார் நம்புவது?