தானாக ஓடும் மோட்டார்

ஒரத்தநாடு பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“செல்போன்ல மோட்டார் போடுற பெட்டிக்கு நீ எழுதின சி புரோகிராம்ல ஓட்டை இருக்குண்ணே. ஓட்டிப் பாக்காமலே புரோகிராமைப் படிச்சே தப்புச் சொல்ற டூல்ல போட்டேன். எஸ்எம்எஸ் நீளமா வந்தா அதுக்கு ஒதுக்கின மெமரியைத் தாண்டி எழுதுது. அப்படி ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி எவன் வேணா மோட்டாரைப் போட்டுவிடலாம்.”

“வந்துட்டா பெரிய இன்ஸ்பெக்டர்! அந்த டூல் எல்லாத்துக்கும் கத்தும். அதான் அந்த வார்னிங்கை நானே வராம மறைச்சு வச்சேன்.”

“பெட்டி வித்தாச்சா?”

“ஊரெல்லாம். மொதப் பெட்டி நம்ம வயல்லதான்.”

“அண்ணே, அப்பா போன்லதான் மோட்டாரை நிறுத்துவாரு. மெயின் சுவிட்சை அணைக்காமலே மோட்டார்ல கை வைப்பாரு.”

அண்ணன் உடனே போன் போட்டான். அப்பா எடுக்கவில்லை.

எங்கள் ஊர் வயல்களிலும் அப்படிப்பட்ட பெட்டிகள் உண்டு. எந்தக் கம்பெனி என்று கேட்கக் கூச்சப்பட்டு இறங்கிவிட்டேன். நான் கேட்டிருக்க வேண்டும்.