உப்புத்தண்ணிப் பாட்டப் பாடினவன்

இவ்வளவு நேரம் இந்த மேடையில எல்லாரும் ஒத்துமையப் பத்திப் பேசினீங்க. நானும் கைதட்டினேன். இப்ப நீங்க எனக்காக ஒரு கதை கேக்கணும். சின்னதுதான். எனக்குப் படிப்பு கம்மி, சுத்தி வளைச்சுச் சொல்லத் தெரியாது... நடந்தத நடந்தபடி சொல்றேன்.

அடையாறுல ஒரு பெரிய வீடு. அதோட மொட்டை மாடியில நாலஞ்சு பிள்ளைங்க கூடிப் பாட ஆரம்பிச்சாங்க. கிடார் வாசிக்கிறது நிவேதன், டாக்டர் வீட்டுப் பையன், வீடும் அவங்களோடதுதான். வயலின் வாசிக்கிறது மிருணாளினி, கச்சேரிக் குடும்பத்துப் பொண்ணு. காசிமேட்டுல இருந்து ஒருத்தன் பஸ் ஏறிப் போனான். ஞாயித்துக்கிழமை மாதா கோயில்ல பாடுவான், சாவு வீட்டுல கானா பாடுவான். அவன் அருளப்பன். என் தம்பி. அம்மா இல்லாத வீட்டுல நான் இடுப்புல தூக்கி வளர்த்த பிள்ளை.

அவங்க குழுவுக்கு ஒட்டுத்துணின்னு பேர் வச்சாங்க. பேருக்கு ஏத்த மாதிரிதான் பாட்டும். வயலினுக்குப் பக்கத்துல தண்ணி கேனைத் தட்டுவாங்க. கோயில் பாட்டு மாதிரி ஆரம்பிச்சு கானாவுல கொண்டுபோய் விடுவாங்க. முதல்ல ஒரு காலேஜ்ல பாடினப்ப, இது பாட்டா சந்தைக்கடையான்னு கேட்டு பாதிப் பேர் எழுந்து போயிட்டாங்களாம். தம்பி அதை வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சான்.

அவங்களுக்குள்ள ஒரு சட்டம் இருந்துச்சு. பாட்டுக்குப் பாட்டு கருவிய மாத்திக்குவாங்க. யார் எழுதினது, யார் பாடினதுன்னு எங்கயும் போட மாட்டாங்க. எல்லாமே ஒட்டுத்துணி. ஒருத்தர் விட்டுப் போயிட்டா, அவர் பாடினத இருக்கிறவங்க புதுசாப் பாடிப் போடுவாங்க, பழச எடுத்துடுவாங்க. பாட்டு யாருக்கும் சொந்தமில்ல... அதான் சட்டம்.

கேக்க அழகா இருக்குல்ல? எனக்கும் அழகாத்தான் இருந்துச்சு.

நான் இறால் உரிக்கிற கம்பெனியில வேலை செய்றேன். ஐஸ் தண்ணியில கிடந்து கிடந்து விரலெல்லாம் வெடிச்சுப் போகும். அந்த விரலப் பார்த்துட்டு என் தம்பி எழுதினதுதான் உப்புத்தண்ணிப் பாட்டு. உங்களுக்கெல்லாம் தெரியும். ஆட்டோவுல ஓடுச்சு, கல்யாண வீட்டுல ஓடுச்சு, எல்லார் போன்லயும் ஓடுச்சு. அதுக்கப்புறம்தான இவங்க பெங்களூரு போனாங்க, சிங்கப்பூரு போனாங்க? டிவியில கூப்பிட்டு யார் எழுதினதுன்னு கேட்டாங்க. எல்லாரும் ஒரே குரல்ல ஒட்டுத்துணின்னாங்க. என் தம்பியும் சேர்ந்துதான் சொன்னான். கம்பெனியில பொம்பளைங்க என்னைச் சும்மா விடுவாங்களா? "ஏண்டி பிலோமினா, உன் தம்பி உன் தம்பிங்குற, அவன் பேர மட்டும் காணோமே"ன்னு ஒருத்தி கேட்டா. நான் உரிச்சுக்கிட்டே இருந்தேன்.

போன மழைக்குத் தம்பிக்கு மஞ்சக்காமாலை வந்துச்சு. போயிட்டான்.

இவங்க எல்லாரும் வந்தாங்க. அழுதாங்க, இல்லன்னு சொல்ல மாட்டேன். நிவேதன் தோள் கொடுத்துத் தூக்கினான். ஆனா உலகத்துக்கு என்ன சொன்னாங்க தெரியுமா? "எங்களில் ஒருவர் மறைந்தார்." அவ்வளவுதான். பேர் இல்ல, படம் இல்ல. பேப்பர்லயும் அப்படியே வந்துச்சு. செத்தவனுக்குக் கூட பேர் போடக் கூடாதா... அதுவுமா சட்டம்?

அதையும் பொறுத்தேன். ஏன்னா போன்ல, நெட்டுல போட்டா அவன் குரல் வரும். வேலைக்குப் போனதும் போட்டு விடுவேன், பக்கத்துல இருந்து பாடுறாப்ல இருக்கும். ஒரு நாள் போட்டேன்... வேற யாரோ பாடுறாங்க. ஒரு பொண்ணு. போன் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு இன்னொருத்தி போன்ல போடச் சொன்னேன். அதுலயும் அந்தப் பொண்ணுதான்.

கையக் கூட சரியாக் கழுவல. இறால் நாத்தத்தோட அடையாறுக்குப் பஸ் ஏறினேன்.

நிவேதன் என்னை உக்கார வச்சுத் தண்ணி கொடுத்தான். புரிய வைக்கிறானாம். "அக்கா, அருளுக்கும் இதுல சம்மதம்தான். பாட்டு பழசாகக் கூடாதுக்கா. இருக்கிறவங்க குரல்ல பாட்டு உயிரோட இருக்கும்."

நான் கேட்டேன், "பாட்டு உயிரோட இருக்கும். சரி தம்பி. என் தம்பி?"

அவன் தண்ணி கிளாஸ என் பக்கம் நகர்த்தி வச்சான்.

"அவன் பாடினத அழிச்சிட்டீங்களா?"

"இல்லக்கா, கம்ப்யூட்டர்ல இருக்கு. வெளிய விட்டா சட்டம் உடைஞ்சிடும்."

"உங்க வீட்டு வாசல்ல பித்தளைப் பலகையில ஒரு பேர் இருக்கே, அது யாரோடது?"

"அப்பாவோடது."

"அதை ஏன் கழட்டல?"

நான் எழுந்து வந்துட்டேன்.

ஐயா, அம்மா, பிள்ளைங்களா... இந்தக் கதையில யார் கெட்டவங்க? யாருமில்ல. புதுசாப் பாடுற பொண்ணு மேலயும் எனக்குக் கோவமில்ல, நல்லாத்தான் பாடுது. என் கோவம் வேற. பேர் வேணாம்னு சொல்றது யாருக்குச் சுலபம்? ஏற்கெனவே பேர் இருக்கிறவனுக்கு. கச்சேரிப் பத்திரிகையில தாத்தா பேர் போட்டு வர்ற வீட்டுக்கு அது ஒரு விளையாட்டு. வேணும்னா நாளைக்கே எடுத்து மாட்டிக்குவீங்க. காசிமேட்டுக்காரன் பேர் எங்க எழுதியிருக்கு, கழட்டி வைக்க? எல்லாரும் ஒண்ணுன்னு நீங்க சொன்னத நம்பி, அவன்கிட்ட இருந்த ஒரே ஒரு பேர உங்க மாடியில வச்சுட்டுப் போனான். அதைத் திருப்பிக் கொடுக்காம என்ன ஒத்துமை? யாரோட ஒத்துமை?

நிவேதன், மைக் வாங்க வராத. அங்கயே நில்லு. அடுத்தது உப்புத்தண்ணிப் பாட்டு, அதுக்கு முன்னாடி பேசுங்கன்னு சொல்லித்தான என்னைப் பேச விட்ட? யாரும் பாட வேணாம். கம்ப்யூட்டர்ல இருக்கிறத எடுத்து இந்த ஸ்பீக்கர்ல போடு. அருளப்பன் பாடினதுன்னு உன் வாயால சொல்லிட்டுப் போடு.

போடுற வரைக்கும் நான் இங்கதான் உக்காந்திருப்பேன். கம்பெனியில லீவு சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்.