மச்சான் சொன்னா யாரு நம்புவா

— பாதி மீனைக் காணோமேடா ஜெரே! என் பொண்டாட்டி குடுத்துவிட்ட பாத்திரம்தானே இது?

— நோயாளிக்கு எண்ணெயில பொரிச்சது ஆகாது மச்சான். அதான் நானே சாப்பிட்டுட்டேன்.

— எலி தின்னுற ங்கோனி சாதிக்காரனுக்கு மீன் ஒரு கேடா?

— குரங்கு தின்னுற பெம்பா சாதிக்காரனுக்குக் கட்டில் எதுக்கு? ஒரு கிளையைக் காட்டினா தொங்கிட்டுக் கெடப்பே.

— சிரிக்க வைக்காதடா, நெஞ்சு வலிக்குது. மாரடைப்பு வந்த மனுஷன் நான்.

— அது மாரடைப்பு இல்ல, கசோன்டே.

— பின்ன, வாயுவா?

— நேத்து ஸ்கேன் எடுத்தாங்கல்ல? நுரையீரல்ல புத்துநோயாம். அது இதயச் சுவர் வரைக்கும் பரவிடுச்சாம். அதனாலதான் ஈசிஜியில அச்சு அசலா மாரடைப்பு மாதிரியே காட்டியிருக்கு. ரத்தக் குழாய்ல ஒரு அடைப்பும் இல்லியாம்.

— அடடா! இதை பஸ்ல வரும்போது யோசிச்சியா, சாராயக் கடையிலயா?

— சத்தியமா மச்சான்.

— ங்கோனி சத்தியம்! அதை வெச்சு ஒரு கோழி வாங்க முடியுமா? நாளைக்கு மாத்திரையை வாங்கிட்டு வீட்டுக்குப் போறேன். சோளக்காட்டுல களை மண்டிக் கெடக்கு.

— வீட்டுக்கு இல்ல. லுசாகா பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். அங்கதான் இதுக்கு மருந்து ஏத்துவாங்க. தள்ளிப்போட்டா அவ்வளவுதான்னு டாக்டரு உன் பொண்டாட்டி ப்வால்யாகிட்ட சொல்லியிருக்காரு.

— அப்ப அவளே வந்து சொல்ல வேண்டியதுதானே?

— வெளிய வராண்டாவுல அழுதுட்டு நிக்குது. பசங்களுக்கும் சொல்ல வாய் வரல. "இந்த மாதிரி விஷயத்தை முகத்துக்கு நேரா சொல்றது உங்க சாதி மாதிரி கேலி முறைக்காரங்க வேலை, நீங்க போங்க அண்ணா"ன்னு என்னைத் தள்ளிவிட்டுடுச்சு.

— தப்பான ஆளை அனுப்பிட்டா. சொரங்கத்துல ஒண்ணா வேலை பார்த்த இத்தனை வருஷத்துல நீ ஒரு நாளாவது என்கிட்ட நெசம் பேசியிருக்கியா? நான் நகர மாட்டேன் போ.

— ஐயோ, இவனை என்னதான் பண்றது!

— சரி, உன் வழிக்கே வரேன். எனக்குப் புத்துநோய். செத்தும் போயிட்டேன்னு வெச்சுக்க. எங்கப்பன் சாவுல பொட்டிக்குள்ள ஏறிப் படுத்துக்கிட்டு, "கிழவா, தள்ளிப் படு"ன்னு சொல்லி எழவு வீட்டையே சிரிக்க வெச்சவன் நீ. முறைக்கார ங்கோனி வந்து சிரிக்க வைக்காம எங்காளுங்க பொணத்தை எடுப்பாங்களா? என் சாவுக்கு என்ன கூத்துக் கட்டப்போறே, சொல்லு. என்னடா, யோசிக்கிறியா? எங்கப்பனுக்குப் பண்ணதைவிடப் பெருசா இருக்கணும், ஆமா.

— நான் வரமாட்டேன்.

— என்னது?

— உன் சாவுக்கு நான் வரமாட்டேன் கசோன்டே. வேற எவனையாவது கூப்பிட்டுக்கச் சொல்லு. என்னால சிரிக்க வைக்க முடியாது. மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்க. பாக்காத.

— ஜெரே... லுசாகாவுக்குக் காலையில மொத பஸ் எத்தனை மணிக்குடா?