சார்ந்து வாழ்பவர்

...அதான் கேக்குறேன் தம்பி, நான் என்ன செருப்பா, ஒத்தையா வந்தா செல்லாதுன்னு சொல்றதுக்கு? அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு அம்மா உக்காந்திருக்காங்களே, அவங்க என் பைலைப் பிரிச்சே பாக்கல. பழைய கார்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. அப்புறம் என் தோளுக்குப் பின்னாடி எட்டிப் பாத்து, "மனைவி எங்கே?"ன்னாங்க. வேலைக்குப் போயிருக்காங்கன்னேன். "அவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் உங்களுக்குக் கார்டு. ஆபீஸ் மூடுறதுக்குள்ள வரச் சொல்லுங்க"ன்னு பைலை என் பக்கம் தள்ளிவிட்டுட்டாங்க. இங்க தங்குறதுக்குக் குடுத்த கார்டு இன்னையோட முடியுது தம்பி. நாளைக்கு விடிஞ்சா நான் இந்த நாட்டுலயே இல்லாத ஆளு.

தப்பா நெனைக்காதீங்க, நீங்க போன்ல தமிழ் படிச்சிட்டிருந்தீங்க, அதைப் பாத்துத்தான் பக்கத்துல வந்து உக்காந்தேன். இந்த ஊரு பாஷை எனக்குப் பாதி புரியும். மீதிய தலையாட்டிச் சமாளிப்பேன். அப்படித் தலையாட்டித்தான் ஒரு தடவை முடிவெட்டுற கடையில புருவத்தையும் சேத்து எடுத்துட்டாங்க. மறுநாளே இந்தக் கார்டுக்குப் போட்டோ. இந்தாங்க, பாருங்க... சிரிங்க, பரவாயில்ல, ஊருக்குப் போயிட்டு வந்தப்ப ஏர்போர்ட்லயே சிரிச்சாங்க.

போட்டோவுக்குக் கீழ என்னமோ போட்டிருக்கு பாருங்க, அதுக்கு என்ன அர்த்தம்னு என் பொண்ணைக் கேட்டேன். "சார்ந்து வாழ்பவர்னு அர்த்தம்ப்பா"ன்னா. எவ்வளவு பதவிசா சொல்றாங்க. நம்ம பக்கம் இதுக்குத் தண்டச்சோறுன்னு ஒரே வார்த்தை.

சும்மா உக்காந்து சாப்பிடுற ஆள் இல்ல நான். ஒரு லாண்டரியில பகுதிநேர வேலை. ஆஸ்பத்திரிக்குப் போற போர்வை, விரிப்பெல்லாம் மடிக்கணும். என் வீட்டுக்காரி அதே ஆஸ்பத்திரியில ஆபரேஷன் தியேட்டர் நர்சு. பொண்ணைப் பள்ளிக்கூடத்துல விடுறது, கூட்டிட்டு வர்றது, அடுப்படி எல்லாம் என் பொறுப்பு. ஊர்ல நான் மைக்செட் வெச்சிருந்தேன். கல்யாண வீடு, கூட்டம், எதுன்னாலும் நம்ம குழாய்தான் கத்தும். மைக்செட்டை வித்துட்டு வந்தேன். வாயைத்தான் விக்க முடியல.

என்ன... அவளுக்கு போன் பண்ண வேண்டியதுதானேன்னு பாக்குறீங்க. அங்கதான் தம்பி சிக்கலே.

போன வாரம் மச்சினன் வீடியோல கூப்பிட்டான். அவ தம்பி. அவன் மாமனார் வீட்டு ஆளுங்க அத்தனை பேரும் சுத்தி நின்னு எட்டிப் பாக்குறாங்க. கூட்டத்தைக் கண்டா எனக்குத் தொண்டை அரிக்கும். யாரோ ஒரு பெரியவர், "மாப்பிள்ளை அங்க என்ன பண்றீங்க?"ன்னாரு. போர்வை மடிக்கிறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். "நான் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்ததாலதாங்க உங்க வீட்டுப் பொண்ணு இன்னைக்கு இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில நிக்குது"ன்னேன்.

பின்னாடி அவ நிக்கிறா. டூட்டி முடிஞ்சு வந்து, தலையைத் துவட்டிக்கிட்டு.

நெசம் என்னன்னா தம்பி, அவதான் முதல்ல வந்தா. தனியா. நாலு பொண்ணுங்களோட ஒரே ரூம்ல இருந்துக்கிட்டு, பஸ்ஸுல போறப்ப வர்றப்பல்லாம் இந்தப் பாஷையைப் படிச்சு, பரீட்சை எழுதி, அப்புறம்தான் எங்களை வரவழைச்சா. நான் பிளேன்ல சீட் பெல்ட் மாட்டத் தெரியாம என் பொண்ணுகிட்டக் கேட்டவன்.

சண்டை போட்டிருந்தா நான் சமாளிச்சிருப்பேன். அவ சண்டையே போடல. துண்டைக் கொடியில போட்டா, "அப்ப உங்க கார்டையும் நீங்களே புதுப்பிச்சுக்குங்க"ன்னா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் பேச்சு பொண்ணு வழியாத்தான். "அப்பாவைக் குடை எடுத்துட்டுப் போகச் சொல்லு." நான் எதிர்லயே நிக்கிறேன். இன்னைக்குக் காலையில பாத்தா இந்தச் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில மாட்டி வெச்சிருக்கா. அதைப் பாத்ததும் ஒரு நிமிஷம் கேட்டுடலாமான்னு வந்துச்சு, கூட வர்றியான்னு. ரோஷம் விடல. போர்வை மடிக்கிறவனுக்கு ரோஷத்தை மடிச்சு வைக்கத் தெரியல பாருங்க.

கார்டு போனாப் போகட்டும்னும் இருக்க முடியாது. நான் ஊர் திரும்பினா பொண்ணை யாரு கூட்டிட்டு வருவா? இவ ராத்திரி டூட்டின்னா அது யாரோட இருக்கும்? அதையெல்லாம் யோசிச்சுக்கிட்டேதான் உங்ககிட்ட இவ்வளவு நேரம் பேசிட்டிருக்கேன். போனை எடுக்கப் பயம் தம்பி, வேற ஒண்ணுமில்ல.

சரி. பண்ணிடுறேன். நீங்க பக்கத்துல இருங்க, எனக்குத் தெம்பா இருக்கும்.

...ஹலோ. நான்தான். ...ம். ...இல்ல, கார்டு ஆகல. நீ வந்து கையெழுத்துப் போடணுமாம். ...தெரியுமா? ...முன்னாடியே தெரியுமா? ...பஸ்ஸுல வர்றியா? எப்ப கிளம்பின? ...லீவு சொல்லிட்டியா? ...என்கிட்ட ஒரு வார்த்தை... சரி, சரி, நான் கேக்கலதான். ...இங்க பாரு, நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. உன் தம்பியைக் கூப்பிட்டு இப்பவே உள்ளதைச் சொல்லிடுறேன். ...வேண்டாமா? ஏன்? ...அவனுக்குத் தெரியுமா? ...அவன் மாமனார் வீட்டுக்கும் தெரியுமா? அப்ப அன்னைக்கு எல்லாரும் அவ்வளவு மரியாதையாத் தலையாட்டினாங்களே... ஓ. ...சரி. ...ம், சாப்பிட்டேன். ...பாத்து எறங்கி வா.

வர்றா தம்பி. மூடுறதுக்குள்ள வந்துடுவா. நான் சொன்னதை ஒருத்தர்கூட நம்பலையாம். நான்தான் வருஷக்கணக்கா இதே கதையைத் தொண்டை தண்ணி வத்தக் கத்தியிருக்கேன். போகட்டும், மனசு லேசாயிடுச்சு.

ஏன் எந்திரிச்சிட்டீங்க? என்ன, நம்பர் பலகையையே பாக்குறீங்க? ...உங்க நம்பர் போயிடுச்சா? எப்ப கூப்பிட்டாங்க? ...நான் மைக்செட் கதை சொல்லிட்டிருந்தப்பவா? ஐயோ, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி. ...சொன்னீங்களா?

உக்காருங்க, உக்காருங்க. என் வீட்டுக்காரி வரட்டும், அந்தக் கண்ணாடி அம்மாகிட்ட உங்களுக்காகவும் பேசச் சொல்றேன். அவ பேசினா நடக்கும். நான் வாயைத் தொறக்கல.