வலது கைக்கு மட்டும்

எங்கள் பக்கத்து ஈரத்தில் பியானோவுக்குச் சுருதி நிற்காது. பலாங்கொடைக்கு மேலே, எங்கள் தோட்டத்து மாதா கோயிலில் இருப்பதை மாதம் ஒரு தரம் நானே முறுக்கிச் சரிசெய்வேன். பாடசாலையில் சங்கீத மாஸ்டர் என்பதால் அந்தப் பொறுப்பும் என் தலையில்தான்.

சென்ற வருடம் கொழும்பில் ஒரு விழாவுக்காக, யுத்தத்தைப் பற்றித் தனிப் பியானோவுக்கு ஒரு நவீன ஆக்கம் கேட்டார்கள். நான் யுத்தத்தைப் பார்த்தவன் இல்லை. அதை அவர்கள் ஒரு குறையாக நினைக்கவில்லை, நான்தான் நினைத்தேன். இல்லாததை எழுதுவது எனக்குப் பிடிக்காது.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் கடைசிக் காம்பிரா அறையில் தெரேசம்மா அக்கா இருந்தார். எண்பத்துமூன்று கலவரத்தில் இங்கிருந்து கிளிநொச்சிக்குப் போய், 2009இல் எல்லோரையும் பறிகொடுத்துத் தனியாகத் திரும்பியவர். தோட்டத்துக்குக் கீழே கல்லுடைக்க வெடி வைத்தால், தேயிலைக்கு நடுவே மழைநீர் வடிய வெட்டியிருக்கும் கானுக்குள் குதித்துக் குப்புறப் படுத்துவிடுவார். வன்னியில் பங்கருக்குள் படுத்த பழக்கம். அதனால் தோட்டத்தில் ஓர் ஏற்பாடு. வெடிக்குமுன் சிவப்புக் கொடி பிடிக்கும் பிரதீபன் என்னிடம் வந்து சொல்வான். நான் அக்காவைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், வெடி கேட்காதபடி உரத்து வாசிப்பேன்.

ஓகஸ்டிலிருந்து நான் அக்காவிடம் சொல்வதையும் கோயிலுக்குக் கூட்டிப்போவதையும் நிறுத்தினேன். நோட்டுப் புத்தகத்துடன் தேயிலைக்குள் நின்றேன். படுத்தபடியே அவர் விரல்களால் மண்ணைத் தட்டுவார். ஏழு, மூன்று, ஐந்து என்று எந்தத் தாளத்துக்கும் அடங்காது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. முடிந்ததும் நானே கைகொடுத்துத் தூக்கிவிடுவேன்.

"இன்னைக்கும் பிரதீபன் சொல்ல மறந்துட்டானா மாஸ்டர்?" என்பார், சேலையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே.

"அவனுக்கு வேல ஜாஸ்திக்கா" என்பேன்.

ஆறு வெடியில் நான்கு பகுதி எழுதி முடித்தேன். முடிவு மட்டும் வரவில்லை.

ஒக்டோபரில் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலையில் பிரதீபன் வந்தான்.

"மாஸ்டர், பதினொரு மணிக்கு வெடி. மண்ணு எளகிக் கெடக்குங்க. அக்காவ கானுப் பக்கம் விட்டுறாதீங்க."

சரி என்றேன்.

வெடித்ததும் அக்கா குதித்தார். அந்த அதிர்வில் கான் கரை சரிந்து அவரை மூடியது. வலது கை மட்டும் வெளியே இருந்தது. அது தட்டிக்கொண்டிருந்தது. முழங்கால் உயர மண்தான், இழுத்திருந்தால் வந்திருப்பார். இழுத்தால் தாளம் அறுந்துவிடும். ஆகவே கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கடைசித் தட்டு வரை எழுதிக்கொண்டேன்.

அந்த ஐந்தாம் பகுதி வலது கைக்கு மட்டுமே. கொழும்பில் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆக்கத்தை அக்காவுக்குத்தான் சமர்ப்பித்திருக்கிறேன்.

நீங்கள் பிரதீபனை மூன்று மாதமாக ரிமாண்டில் வைத்திருக்கிறீர்கள், அவன் எச்சரிக்கவில்லை என்று. தவறு, நீதவான் ஐயா. அவன் ஒரு தடவைகூடச் சொல்லாமல் விட்டதில்லை. விழா முடியட்டும் என்றுதான் நான் தாமதித்தேன். மற்றபடி, ஒருவருக்கு அநியாயம் நடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க என்னால் முடியாது.